இசைத்தட்டும் கணினியும்



கிராமபோன் இசைத்தட்டை உங்களுள் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். கையில் எடுத்துப் பார்த்தவர் சிலரே இருப்பீர்கள். ஆயினும் உங்கள் வீட்டுப் பரணில் ஒன்றிரண்டு தட்டுகள் உறங்கிக் கொண்டிருத்தல் கூடும். அவற்றிலுள்ள பாட்டை வீட்டுக் கணினியில் கோப்பாக மாற்றி வைப்பது எவ்வாறு, அப்பணியில் நாம் மறவாதிருக்க வேண்டுவது யாது என்பவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் வாழும் ஜூஜுவாடி, ஓசூரை அடுத்துக் கருநாடக எல்லையை ஒட்டி அமைந்த ஊர். எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, இப்பால் தொழிற்சாலைகள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் எங்கள் தெருக்களில் ஒருங்கே ஒலிக்கும். தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் இசைத்தட்டுகளைக் கோப்பாக்கும் வேலையை நான் பொழுதுபோக்காக மேற்கொண்டேன். அதனால் அம்மூன்று மொழித் தட்டுகளும் என் மேசைக்கு வருகின்றன.

தட்டுகள் பெரும்பாலும் இருவகைப்படும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. அந்த அரக்கு நம் நாட்டுக் காடுகளில் சிறு பூச்சிகள் மரக்கிளைகளில் சுரந்து வைப்பது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் பாடும். கை தவறினால் ஓடுபோல் உடைந்துவிடும். 1948-இல் அமெரிக்காவில் வெளிவந்த நெடுந்தட்டு வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அது நிமிடத்துக்கு 33⅓ முறை சுழன்று, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேலும் பாடும். எளிதில் உடையாது, ஆனால் எளிதில் கீறல் விழும். இருவகைத் தட்டிலும் வரிப்பள்ளத்தில் ஊசி உராய்ந்தே ஒலி பிறக்கிறது. ஆதலால் கேட்குந்தோறும் தட்டு சிறிது தேய்கிறது. ஒருமுறை செம்மையாக ஓடவிட்டுப் பதிந்து கொள்வது அதன் ஆயுளைக் காப்பதாகும்.

இனிச் செய்முறையைக் காண்போம். முதலில் தூசியை மென்மையாக அகற்றுக. அரக்குத் தட்டில் சாராயம் கலந்த திரவம் எதுவும் படலாகாது. அது அரக்கைக் கரைத்துவிடும். அடுத்து, ஊசியைக் கவனியுங்கள். 78 சுழற்சித் தட்டுக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுள்ள முனை வேண்டும். நெடுந்தட்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோ போதும். ஊசியிலிருந்து வரும் மின்குறி மிக நலிந்தது. மேலும், தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளை மிகுத்தும் வெட்டுவர். குறியை வலுப்படுத்தி, இந்த ஏற்றத்தாழ்வையும் சரிசெய்ய, இடையே போனோ பிரீ-ஆம்ப் என்னும் சிறு கருவி தேவை. அதன் பின்னரே கணினியில் இணைக்க வேண்டும். பதிவு செய்ய ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன.

கணினி பாட்டைக் கேட்பதில்லை, எண்ணுகிறது. ஒரு நொடியை 44,100 கூறுகளாக்கி, ஒவ்வொரு கூற்றிலும் ஒலியலையின் உயரத்தை அளந்து எண்ணாக எழுதுகிறது. மனிதச் செவி கேட்கும் எல்லை நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு. அதைப் பிடிக்க அதன் இருமடங்குக்கு மேற்பட்ட அளவீடுகள் வேண்டும் என்பதே இந்த எண்ணின் காரணம். குறுந்தகட்டின் தரத்தில் இருவழி ஒலியைப் பதிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் ஆகும். எம்.பி.3 முறையில் அதைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கலாம். ஆனால் செவிக்கு எளிதில் புலப்படாதவை எனக் கருதப்படும் பகுதிகளை நீக்கியே அது சுருங்குகிறது, நீக்கியவை மீளமாட்டா. ஆகவே சுருக்காத படியைக் காப்புக்கும், சுருக்கிய படியைக் கேட்பதற்கும் வைத்துக் கொள்ளுங்கள். இரைச்சலை நீக்குவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அளவு மீறினால் இரைச்சலோடு தம்பூராவின் நாதமும் பாடகரின் மூச்சும் போய்விடும்.

இவை யாவும் கருவியைப் பற்றியன. இவற்றினும் பெரிதொன்று உண்டு; அது பெயர் எழுதுதல்.

1902-ஆம் ஆண்டு நவம்பரில் பிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் கல்கத்தாவில் பாட்டுகளைப் பதிவு செய்தார். அப்போது கௌஹர் ஜான் என்னும் பாடகியார் பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். அந்நாளில் நம் நாட்டில் தட்டு அச்சிடும் ஆலை இல்லை. மூலப்பதிவுகள் கடல் கடந்து ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்றன. இன்ன பாட்டு இன்னாருடையது என்று அங்குள்ளோர் அறிய அந்த அறிவிப்பு உதவிற்று. குரல் நெடும்பயணம் போகுமானால் பெயரும் உடன் போக வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இன்றைய கோப்புகளோ “டிராக் 1”, “டிராக் 2” என்றே கிடக்கின்றன. சென்ற ஆண்டு எங்கள் தெருவிலிருந்து தெலுங்குப் பத்தியத் தட்டொன்று வந்தது. நடுவிலிருந்த காகிதத்தைக் கரையான் அரித்திருந்தது. குரல் தெளிவாகக் கிடைத்தது. பாடியவர் யாரென்று வீட்டாருக்குத் தெரியவில்லை. வாங்கிய பெரியவரோ மறைந்துவிட்டார். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தபோது, காகிதத்தின் ஓரமாக அரக்கிலே அழுந்திய எண் புலப்பட்டது. அதைக் கோப்பின் பெயரோடு எழுதி வைத்தேன். அவ்வெண்ணைப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டு, ஒருநாள் யாரேனும் அக்குரலுக்குரியவரைக் கண்டுபிடிக்கக் கூடும். எண்ணையும் எழுதாமல் விட்டிருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும்.

எனவே, பாடியவர், பாட்டின் முதலடி, மொழி, தட்டின் எண், வாங்கிய இடம், வைத்திருந்தவர் ஆகியவற்றை ஒவ்வொரு கோப்போடும் எழுதுங்கள். தட்டின் நடுக்காகிதத்தையும் படமெடுத்துச் சேருங்கள். தட்டை எறிந்துவிடாதீர்கள், கோப்பு அழியலாம், தட்டே மூலம். மற்றொன்று: தட்டு நம்முடையதாயினும் அதிலுள்ள ஒலிப்பதிவின் உரிமை நம்முடையதன்று. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவு வெளியான ஆண்டின் பின் அறுபது ஆண்டுகள் வரை அதற்கு உரிமைக் காப்பு உண்டு. அத்தகையதை ஊருக்குப் பரப்புதல் முறையன்று.

ஊசியும் கணினியும் எக்காலத்தும் விலைக்குக் கிடைக்கும். “இது யார் குரல்?” என்று கேட்டால் விடை சொல்லும் முதியோர் எக்காலத்தும் கிடைக்கமாட்டார். ஆதலால் பரணில் ஏறுமுன், கையில் குறிப்பேடும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு உங்கள் பாட்டியாரிடம் செல்லுங்கள். பதிவு அங்கேதான் தொடங்குகிறது.