மாரிக்கு முன் சில்லைப் பாருங்கள்

புரட்டாதி வெயில் தணிந்து, வடகீழ்த் திசையில் முகில் கூடத் தொடங்கிவிட்டால், பண்டத்தரிப்பிலும் அதனைச் சூழ்ந்த சில்லாலை, வடலியடைப்பு, மாதகல், இளவாலை முதலிய ஊர்களிலும் வீட்டுக்கு வீடு சில ஆயத்தங்கள் நடைபெறும். கூரையில் உடைந்த ஓட்டை மாற்றுவார்கள். வெள்ள வாய்க்காலைத் துப்புரவாக்குவார்கள். விறகை நனையாத இடத்திற்கு ஒதுக்குவார்கள். மாரி வருமுன் காப்பது நம்மவர் குடும்ப வாழ்க்கையில் ஊறிய பழக்கம். ஆனால், அதே வீட்டு முற்றத்தில் நிற்கும் மோட்டார் வண்டியின் நான்கு சில்லுகளையும் குனிந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரைப் பலராக்கவேண்டும் என்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

ரயர் மாற்றுவது பற்றிய பேச்சு, விந்தையாக, இப்பொழுது கடல் கடந்தும் வருகின்றது. பண்டத்தரிப்பில் ஒரு பிள்ளையேனும் வெளிநாட்டில் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. கனடாவிலோ, நோர்வேயிலோ, ஜேர்மனியிலோ வாழும் மகன் ஐப்பசி மாதத்தில் தொலைபேசியில் பேசும்பொழுது, “அப்பா, இந்தக் கிழமை காருக்குப் பனிக்கால ரயர் பூட்டவேணும், நல்ல செலவு” என்கின்றான். தந்தையோ, “ஏன் தம்பி, இருக்கிற ரயர் நல்லாய்த்தானே ஓடுது? ஓடுகிறதை ஏன் கழற்றுவான்?” என்று கேட்கின்றார். இக்கேள்வி சிறியதன்று. ஓடுகின்ற ஒன்றைக் கழற்றலாமா, கழற்றக்கூடாதா என்பதை எதைக்கொண்டு தீர்மானிப்பது? அங்கே மகனுக்கு உரிய விடை யாது? இங்கே தந்தைக்கு உரிய விடை யாது? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை எளிதில் விளங்கும்.

முதலில் மகனுடைய வழக்கை எடுத்துக்கொள்வோம். பனிக்கால ரயர் என்பது பனிக்கட்டி கொட்டும் நாளில் மாத்திரம் பயன்படுவது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. மார்கழி மாத விடியற்காலையில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் இறுகிக் கிடப்பதை நாம் கண்டிருக்கின்றோம். சாதாரண ரயரின் றப்பரும் குளிர் கூடக் கூட இறுகி விறைக்கும் தன்மையது. வெப்பநிலை ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால், வீதி ஈரமின்றி இருந்தாலுங்கூட, அந்த றப்பர் வீதியைப் பற்றிப் பிடிக்கும் ஆற்றலை இழக்கத் தொடங்குகின்றது. பனிக்கால ரயரின் றப்பரோ குளிரிலும் மென்மை குன்றாதபடி வேறுவிதமாகச் சேர்த்து ஆக்கப்படுவது. அதன் முகத்தில் ஆழ்ந்த பள்ளங்களும், அவற்றுக்கிடையே கத்தியாற் கீறியன போன்ற நுண்ணிய பிளவுகளும் உண்டு. பனியின்மீது உருளும்பொழுது அப்பிளவுகளின் விளிம்புகள் நகம்போலப் பற்றிக்கொள்கின்றன.

இத்தகைய ரயரை முதன்முதலாகச் செய்தவர்கள் பின்லாந்து நாட்டினர். 1934ஆம் ஆண்டில் லொறிகளுக்கும், 1936ஆம் ஆண்டில் கார்களுக்கும் அங்கே பனிக்கால ரயர்கள் செய்யப்பட்டன. இன்று குளிர் நாடுகள் பலவற்றில் இது சட்டத்திலும் இடம்பெற்றுவிட்டது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2008ஆம் ஆண்டு முதல் பனிக்கால ரயர் கட்டாயமாயிற்று. இப்பொழுது டிசம்பர் முதலாந் திகதியிலிருந்து மார்ச் 15ஆந் திகதி வரை அது இல்லாமல் கார் ஓட்டமுடியாது. ஜேர்மனியில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீதியில் பனியோ உறைபனியோ இருக்கும்பொழுது அதற்கேற்ற ரயர் இருந்தேயாகவேண்டும். நோர்வேயில் பனிக்காலத்தில் காரின் ரயர்ப் பள்ளம் 3 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. ஆனால், நம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகரை உள்ளடக்கிய ஒன்ராறியோ மாகாணத்தில் கட்டாயம் இல்லை. பூட்டிக்கொள்வோருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்கவேண்டும் என்பது மாத்திரம் 2016ஆம் ஆண்டு முதல் விதியாகியுள்ளது.

சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் குடும்பத் தலைவன் என்ன செய்வான்? அங்கேதான் தீர்மானம் கடினமாகின்றது. நான்கு ரயர்களின் விலை ஒருபுறம். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் செலவும் மறுபுறம். ஆயினும், ஒரு கணக்கைப் பலர் மறந்துவிடுகின்றனர். பனிக்கால ரயர் ஓடும் மாதங்களில் கோடைக்கால ரயர் தேயாமல் ஓய்வெடுக்கின்றது. இரண்டு கூட்டம் ரயர்களும் மாறி மாறி உழைப்பதால், ஒவ்வொன்றின் ஆயுளும் நீடிக்கின்றது. ஆகவே, முதற்செலவு பெரிதாயினும், அதன் ஒரு பங்கு பின்னர் திரும்பிவிடுகின்றது. செலவைக் குறைக்க எண்ணி இரண்டை மாத்திரம் பூட்டுவது தவறு. முன் சில்லுகள் பற்றிப்பிடிக்க, பின் சில்லுகள் வழுக்கினால் கார் பம்பரம்போலச் சுழன்றுவிடும். பூட்டுவதாயின் நான்கையும் பூட்டுவதே முறை. எனவே, ரொறன்ரோவிலுள்ள மகன், ஓடுகின்ற ரயரைக் கழற்றிவிட்டுப் பனிக்கால ரயர் பூட்டுவது ஆடம்பரமன்று, அறிவுடைமையே.

இனித் தந்தையின் வழக்குக்கு வருவோம். குளிர்நாட்டில் அவ்வளவு சிறந்த ரயர் பண்டத்தரிப்புக்கும் சிறந்ததாய் இருக்குமன்றோ என்று ஒருவர் எண்ணக்கூடும். இது வெறுங் கற்பனைக் கேள்வியன்று. நம் நாட்டிற்கு வரும் பாவித்த கார்களிற் பெரும்பாலானவை யப்பானிலிருந்து வருவன. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. யப்பானின் வடபாகம், சிறப்பாக ஹொக்கைடோத் தீவு, கடும்பனி பெய்யும் நாடு. அங்கே ஓடிய கார் ஒன்று பனிக்கால ரயருடனேயே இங்கு வந்து சேரலாம். பார்ப்பதற்குப் பள்ளம் ஆழமாக, ரயர் புதிதுபோலத் தோன்றும். “நல்ல ரயர், இன்னும் பல வருடம் ஓடும்” என்று வாங்கியவர் மகிழ்வார்.

அவர் மகிழ இடமில்லை. நம் யாழ்ப்பாணத்தில் தை மாதத்து விடியற்காலையிலுங்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. 7 பாகைக்காக ஆக்கப்பட்ட மென்மையான றப்பர், நம் சித்திரை வெயிலிற் கொதிக்கும் தார் வீதியில் என்ன ஆகும்? அது மேலும் இளகும், விரைவாகத் தேயும், பிறேக் மிதித்தால் கார் நிற்பதற்குக் கூடிய தூரம் எடுக்கும், திருப்பங்களில் வண்டி தளம்புவதுபோலத் தோன்றும். அத்தகைய ரயரை அறிந்துகொள்வது எளிது. அதன் பக்கத்தில் மூன்று சிகரமுள்ள மலையும், மலைக்குள் ஒரு பனித்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். யப்பானிய ரயர்களில் ‘ஸ்ரட்லெஸ்’ என்னுஞ் சொல்லும் ஆங்கிலத்திற் காணப்படலாம். ஒட்டிய நுண்பிளவுகள் முகமெங்கும் நெருங்கிக் கிடப்பதும் ஓர் அடையாளம். அப்படியான ரயர் இலவசமாக வந்தாலும், பண்டத்தரிப்புக் குடும்பம் ஒன்று அதை நம்பிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வது நன்றன்று.

ஆகவே, பனிக்கால ரயர் நமக்கு வேண்டியதில்லை. ஆனால், நமக்கும் ஒரு காலம் உண்டு, அதுவே மாரி. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள சில கிழமைகளுக்குள் நம் குடாநாட்டிற் கொட்டித் தீர்க்கின்றது. 2008ஆம் ஆண்டு நவம்பரில் ‘நிஷா’ சூறாவளியோடு வந்த வெள்ளத்தை நேயர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய பெருவெள்ளம் ஆண்டுதோறும் வருவதில்லை. ஆயினும், அதைவிடச் சிறிய அபாயம் ஆண்டுதோறும் வருகின்றது.

மாதக்கணக்கான வெயிலில் வீதியிற் படிந்த புழுதியும், வாகனங்களிலிருந்து சொட்டிய எண்ணெயும் முதல் மழையிற் குழைந்து வழுக்கும் பசையாகின்றன. தோட்டத்திலிருந்து ஏறும் உழவு இயந்திரம் செம்மண்ணைத் தார் வீதியிற் பூசிவிட்டுப் போகின்றது. இவற்றின்மீது மழைநீர் தேங்கும்பொழுது, வேகமாகச் செல்லும் கார் நீரைக் கிழித்து வீதியைத் தொடவேண்டும். அந்த நீரை வெளியேற்றும் வாய்க்கால்களே ரயரில் வெட்டப்பட்டிருக்கும் தவாளிப்புகள். வாய்க்கால் தூர்ந்தால் வளவு வெள்ளக்காடாவதுபோல, தவாளிப்புத் தேய்ந்தால் நீர் வெளியேற வழியின்றி ரயரின் அடியில் நிற்கும். கார் வீதியை விட்டு நீர்மேல் மிதக்கத் தொடங்கும். அவ்வேளையில் பிறேக்கும் கேளாது, திருப்பியும் திரும்பாது.

இங்கே ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். ஒரு கார் எவ்வளவு பெரிதாயினும், அதன் ஒவ்வொரு ரயரும் வீதியைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒருவருடைய உள்ளங்கையளவே ஆகும். தாயும் தந்தையும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து ஏறிய பாரமெல்லாம் நான்கு உள்ளங்கைகளின்மீதே தங்கியிருக்கின்றது. நடுநிசியில் ஒருவருக்கு நோய் கடுமையாகி, கொட்டும் மழையில் தெல்லிப்பழை ஆசுபத்திரிக்கோ, சண்டிலிப்பாய், மானிப்பாய், ஆனைக்கோட்டை வழியாக யாழ்ப்பாணப் போதனா ஆசுபத்திரிக்கோ விரைந்து செல்லவேண்டிய வேளையை எண்ணிப் பாருங்கள். அந்த வேளையில் நமக்குத் துணை நிற்பவை அந்த நான்கு உள்ளங்கைகளே.

அப்படியாயின், நம்மவர் ஏன் அவற்றைப் பார்ப்பதில்லை? கவலையீனம் என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1990ஆம் ஆண்டிற்குப் பின்னர், எரிபொருள் உட்படப் பல பொருள்கள் குடாநாட்டிற்கு வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், நம் ஊர்களிலிருந்த ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் சிறு துளி பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. கிடைத்ததைக்கொண்டு ஓட்டுவதும், தேய்ந்ததை எறியாமல் ஒட்டிப் பாவிப்பதும் அன்று திறமை. அன்று அதைத் தவிர வேறு வழியும் இல்லை. அந்தத் திறமையால் உயிர் தப்பிய நோயாளர் எத்தனையோ பேர். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலும் அப்பழக்கமே மீண்டும் கைகொடுத்தது. எனவே, ‘ஓடுகின்றதை ஏன் கழற்றுவான்?’ என்று தந்தை கேட்பது கஞ்சத்தனத்தால் அன்று, பட்ட அனுபவத்தால். அந்த அனுபவத்தை நாம் மதிக்கவேண்டும். ஆனால், வழியில்லாத காலத்தின் நீதியை வழியுள்ள காலத்திற்கும் சட்டமாக்கிவிடலாகாது. மேலும், அன்று வீதிகள் குண்டும் குழியுமாய்க் கிடந்தன. வண்டிகள் மெல்ல ஊர்ந்தன. இன்று வீதிகள் செப்பனிடப்பட்டுள்ளன, வேகம் கூடியுள்ளது. வேகம் இரு மடங்கானால், பிறேக் பிடித்து நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகின்றது. தேய்ந்த ரயர் அன்று மன்னித்தது, இன்று மன்னியாது.

இனிச் செய்யவேண்டியவை யாவை? புரட்டாதி முடியுமுன் ஒருநாட் காலையில் ஒரு தீக்குச்சியை எடுத்துக்கொண்டு காரின் அருகே அமருங்கள். குச்சியின் தலையைத் தவாளிப்பினுள் வைத்துப் பாருங்கள். தலை முழுவதும் உள்ளே மறையுமாயின், ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் ஆழம் உண்டு; இந்த மாரியைக் கடத்தலாம். தலை வெளியே தெரிந்தால் மாற்ற ஆயத்தஞ் செய்யுங்கள். புதிய ரயரில் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் ஆழம் இருக்கும். 1.6 மில்லிமீற்றர் என்பது பல நாடுகளின் சட்டம் ஒப்பும் கடைசி எல்லை. மழைக்கு அந்த எல்லை வரை காத்திருப்பது புத்தியன்று. ரயரின் உட்புறமும் வெளிப்புறமும் நடுவும் வெவ்வேறாகத் தேய்வதுண்டு; ஆதலின் மூன்று இடத்திலும் பாருங்கள்.

அடுத்து, ரயரின் வயதைப் பாருங்கள். அதன் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3521 என்றிருந்தால், 2021ஆம் ஆண்டின் 35ஆவது கிழமையிற் செய்யப்பட்டது என்பது பொருள். ஐந்து ஆண்டு கடந்த ரயரை ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டவேண்டும். பத்தாண்டு கடந்ததைப் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் கழித்துவிடவேண்டும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும்பொழுது மாத்திரம் ஓடி, மற்றைய காலமெல்லாம் வெயிலில் நிற்கும் கார்கள் நம் ஊரில் உண்டு. அவற்றின் ரயர் தேயாது. ஆனால் றப்பர் வெடித்திருக்கும். தேயாத ரயரெல்லாம் நல்ல ரயரன்று.

காற்றின் அளவையும் மாதம் ஒருமுறை பார்க்கவேண்டும். எவ்வளவு காற்று வேண்டுமென்பது சாரதியின் கதவோரத்தில் ஒட்டிய தாளில் எழுதப்பட்டிருக்கும். காற்றுக் குறைந்த ரயர் நீரை நன்றாக வெளியேற்றாது.

பணமோ சுருங்கியது, ஐப்பசியில் தீபாவளியும் வருகின்றது. நான்கு ரயர் வாங்க இயலாதவர் இரண்டை வாங்கலாம். பனிநாட்டில் இருவகை ரயரைக் கலப்பதே தவறு. இங்கே அளவும் வகையும் ஒன்றாயிருந்தாற் போதும். அந்தப் புதிய இரண்டையும் எங்கே பூட்டுவது? பெரும்பாலோர் முன்னுக்குப் பூட்டவே சொல்வார்கள். பின்னுக்குப் பூட்டுவதே பாதுகாப்பானது. முன் சில்லு வழுக்கினால் கையில் தெரியும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சில்லு வழுக்கினால் கார் சுழன்ற பின்னரே நமக்குத் தெரியவரும். இரண்டும் வாங்க இயலாதவர், வாங்கும் வரை வேகத்தைக் குறைத்து, முன்னே செல்லும் வாகனத்திற்கு இரட்டைத் தூரம் விட்டுச் செல்லட்டும். அதற்குப் பணம் வேண்டியதில்லை.

நேயர்களே, ரொறன்ரோவிலுள்ள மகனும் பண்டத்தரிப்பிலுள்ள தந்தையும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே. ‘இது இன்னும் ஓடுமா?’ என்பதன்று அக்கேள்வி. ‘வேண்டிய வேளையில் இது நிற்குமா?’ என்பதே. ஓடுவதற்கு மொட்டை ரயரும் போதும். நிற்பதற்குத்தான் நல்ல ரயர் வேண்டும். மகன் தன் பனிக்கு ஏற்றதைப் பூட்டட்டும். தந்தை நம் மழைக்கு ஏற்றதைப் பூட்டட்டும். அடுத்த முறை தொலைபேசியிற் பேசும்பொழுது, “தம்பி, நானும் பின்னுக்கு இரண்டு மாத்திப்போட்டன்” என்று தந்தை சொல்வாராயின், கடலுக்கு அப்பால் மழைச் செய்தியைக் கேட்டுக் கலங்கும் பிள்ளையும் அன்றிரவு நிம்மதியாக உறங்குவான்.