நயினார்: ஒரு பட்டப்பெயரும் அதைத் தாங்கிய குடிகளும்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் ஜைனர் இல்லத் திருமண அழைப்பிதழ் ஒன்றை எடுத்து மேலிருந்து கீழாகப் படிப்போர் ஒரு செய்தியைக் காணலாம். பாட்டனார் பெயர்களின் இறுதியில் 'நயினார்' என்னும் சொல் நிற்கும். தந்தையர் பெயர்களில் அது மறைந்து, முன்னெழுத்தும் கல்விப் பட்டமும் மட்டும் இருக்கும். மணமக்கள் பெயரில் எதுவும் இராது. அதே மணமகன் வெளிநாடு செல்லும்போது கடவுச்சீட்டில் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தை நிரப்ப வேண்டி, தந்தையின் இயற்பெயரை அங்கே எழுதிவிடுகிறான். அவனுடைய மகனுக்கு அப்பெயரே பரம்பரைப் பெயராகிவிடுகிறது. பல நூற்றாண்டுகள் வழங்கிய ஒரு சொல் மூன்று தலைமுறைகளில் விலகிப்போன வரலாறு அந்த ஒரு தாளிலேயே அடங்கியிருக்கிறது.

இச்சொல்லின் பிறப்பு எளிதில் விளங்கக்கூடியது. தலைவன் எனப் பொருள்படும் 'நாயகன்' என்பதன் திரிபு 'நாயன்'. அதன்மேல் 'ஆர்' என்னும் உயர்வுப் பன்மை விகுதி சேர்ந்து 'நாயனார்' ஆயிற்று. நாயனார் என்பது பேச்சுவழக்கில் குறுகி 'நயினார்' ஆயிற்று. இறைவனையும் தலைவனையும் பெரியோரையும் குறித்த மரியாதைச் சொல் இது. தொடக்கத்தில் எந்தச் சாதிக்கும் எந்தச் சமயத்துக்கும் இது உரியதாக இருந்ததில்லை. திருக்குறள் ஆசிரியர் திருவள்ளுவ நாயனார் எனப்பட்டார். சைவர் தம் அடியார் அறுபத்துமூவரை நாயன்மார் என்றனர். கல்வெட்டுகளில் சிவபெருமானே 'உடைய நாயனார்' எனப் பல ஊர்களில் குறிக்கப்பெறுகிறார். வைணவரிடையே ஆசாரிய இருதயம் இயற்றியவர் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார். பெரியவாச்சான் பிள்ளையின் திருமகனார் நயினார் ஆச்சான் பிள்ளை. தென்பாண்டி நாட்டில் சித்திரைப் பௌர்ணமியன்று படிக்கப்பெறும் கதை சித்திரபுத்திர நயினார் கதை. இராமநாதபுரம் மாவட்டத்தில் நயினார்கோயில் என்று ஓர் ஊரே உள்ளது.

இசுலாமியத் தமிழரிடையும் இச்சொல் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருது மொழித்துறைப் பேராசிரியராக விளங்கி, துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்னும் வரலாற்று நூலை 1942இல் ஆங்கிலத்தில் தந்தவர் முகம்மது ஹுசைன் நயினார். மலபாரில் நாயனார் என்பது ஒரு குடிப்பெயர். மலையாளத்தின் முதற் சிறுகதையை 1891இல் எழுதியவராகக் கருதப்படுபவர் வேங்கையில் குஞ்ஞிராமன் நாயனார். பிற சமூகத்தார் சிலரும் இப்பட்டத்தை ஏற்றுள்ளனர். ஆகவே, 'நயினார் என்றால் ஜைனர்' என்று இளைஞர் சிலர் ஆர்வத்தால் கூறுவது பொருந்தாது. வந்தவாசியிலும் திண்டிவனத்திலும் அது உண்மையாக இருக்கலாம்; திருநெல்வேலியிலோ கீழக்கரையிலோ அவ்வாறு சொன்னால் கேட்போர் நகைப்பர்.

மறுபுறமும் பார்த்தல் வேண்டும். தமிழ் ஜைனர் அனைவரும் நயினார் என்று எழுதினரா? இல்லை. 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியில் அதன் ஆசிரியர் பிரான்சிஸ் இதைத் தெளிவாகக் குறித்துள்ளார். அம்மாவட்டத்து ஜைனர் பொதுவாக நயினார் அல்லது உடையார் என்னும் பட்டம் உடையவர் என்றும், கும்பகோணத்திலும் அதைச் சூழ்ந்த பகுதியிலும் வாழும் அவர்களுடைய உறவினர் சில வேளைகளில் செட்டியார் என்றோ முதலியார் என்றோ தம்மைச் சொல்லிக்கொள்வர் என்றும் அவர் எழுதுகிறார். உறவினர் என்று அவர் எழுதியது கருதத்தக்கது. பட்டம் வேறுபட்டும் கொள்வினை கொடுப்பினை அறுபடவில்லை என்பதே அதன் பொருள்.

இதற்குத் தமிழிலக்கிய வரலாற்றிலேயே சான்று உண்டு. கும்பகோணம் கல்லூரியில் 1880ஆம் ஆண்டு ஆசிரியப் பணி ஏற்ற உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பயிலத் தொடங்கியபோது, ஜைன சமயக் கருத்துகளை அறிவதற்காக அவ்வூர் ஜைனர்களை நாடினார். அவருக்கு உதவியவர்களுள் ஒருவர் சந்திரநாத செட்டியார். மற்றொருவர் வீடூர் அப்பாசாமி நயினார். இருவரும் ஒரே சமயத்தினர். ஒருவர் செட்டியார், மற்றவர் நயினார். 1887இல் சிந்தாமணி அச்சேறியதற்குப் பின்னால் இந்த இரு பட்டங்களைத் தாங்கியோரின் அறிவும் இருந்தது. பட்டப்பெயரை மட்டும் கொண்டு ஜைனரைத் தேடப் புகுந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் சந்திரநாத செட்டியாரைத் தவறவிட்டிருப்பார்.

உடையார் என்னும் பட்டத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். அதே விவரச்சுவடியில் பதிவாகியுள்ள செவிவழிச் செய்தி இது. செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்பவர் உயர்குடிப் பெண்ணை மணக்க விரும்பினாராம். ஜைனரும் பெண் தர இசைந்தனர் என்று சொல்லி நாள் குறித்து, அந்நாளில் மணவீட்டில் ஒரு பெண்நாயைக் கட்டி வைத்துவிட்டுச் சென்றனராம். சினங்கொண்ட மன்னர் ஜைனர்களின் தலையைக் கொய்ய ஆணையிட்டார். பலர் ஊரை விட்டு ஓடினர். பலர் திருநீறு பூசி உயிர் தப்பினர். அவர்களுடைய வழியினர் 'நீறுபூசி வேளாளர்' எனப்பட்டனர். திண்டிவனம் வட்டத்துத் தாயனூரைச் சேர்ந்த கங்கைய உடையார் உடையார்பாளையம் சென்று அடைக்கலம் பெற்றார். நிலைமை தணிந்தபின் அவரே திரும்பி வந்து, சிரவணபெளகுளத்தில் இருந்த வீரசேனாச்சாரியரை அழைத்துவந்து, நீறு பூசியோரில் பலரை மீண்டும் ஜைனராக்கினார். இந்நன்றிக்காக அவருடைய மரபினருக்கு ஜைனர் கூடும் நிகழ்ச்சிகளில் முதல் தாம்பூலம் அளிக்கப்பட்டது.

இக்கதைக்குச் சொல்லப்படும் ஆண்டு 1478. செஞ்சியில் நாயக்கர் ஆட்சி நிலைபெற்றது பதினாறாம் நூற்றாண்டிலேயாதலால், ஆண்டும் அரசரும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நாயைக் கட்டிவைத்த கதையோ வேறு பல சமூகத்தாரும் வேறு பல அரசர்மேல் ஏற்றிச் சொல்லும் கதை. எனவே இதை அப்படியே வரலாறாகக் கொள்ளலாகாது. ஆயினும் ஒரு பெருந்துன்பமும் ஒரு பிரிவும் நேர்ந்தன என்னும் நினைவு இதனுள் உறைந்திருக்கிறது. நெற்றிக்குறி மாறியதும் குடியின் பெயரே மாறிப்போன நினைவு அது. வட தமிழகத்தில் இரவுணவை மறுக்கும் வழக்கமுடைய சைவ வேளாளர் குடும்பங்களைக் குறித்துப் பெரியவர்கள் 'அவர்களும் ஒருகாலத்தில் இங்கிருந்து போனவர்களே' என்று சொல்வது இந்நினைவின் எச்சமே. அதற்கு ஆவணம் கேட்டால் யாராலும் தர இயலாது.

இனி, பட்டம் உதிர்ந்த காலத்துக்கு வரலாம். 1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரோடு சேர்த்து எழுதுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. தமிழ்நாட்டின் ஏனைய சமூகங்களைப் போலவே ஜைனரிடமும் அதன் தாக்கம் மெல்லப் படர்ந்தது. ஜைன சமய நூல்களை ஆங்கிலத்தில் தந்த பேராசிரியர் சக்கரவர்த்தி நயினார், தமிழ் ஜைன இலக்கியம் பற்றி 1941இல் வெளியிட்ட ஆங்கில நூலில் 'ஏ. சக்கரவர்த்தி' என்றே அறியப்பட்டார். தமிழ் மக்களோ அவரைச் சக்கரவர்த்தி நயினார் என்றே அழைத்தனர். உயிர்ப்பலித் தடுப்புக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஜீவபந்து டி. எஸ். ஸ்ரீபால் அவர்களின் பெயரில் பட்டமே காணப்படுவதில்லை. மக்கள் தந்த 'ஜீவபந்து' என்னும் சிறப்பே அவருக்குப் பட்டமாயிற்று. பட்டம் துறந்ததை ஓர் இழப்பாக மட்டும் பேசுவது நேர்மையாகாது. ஒருவரை ஒருவர் சாதியால் அளவிடாதிருக்கும் பொருட்டு விரும்பியே துறந்தவர் பலர். பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பியாத ஒரு சமயத்தின் மக்களுக்கு அது இயல்பான செயலும் ஆகும்.

மகளிரைப் பற்றி ஒரு சொல். பழைய பத்திரங்களில் நயினார் என்பது ஆண்களின் பெயரிலேயே வரும். பெண்கள் 'அம்மாள்' எனப்பட்டனர். பட்டத்தைக் கொண்டு எண்ணினால் சமுதாயத்தில் பாதிப்பேர் எப்போதுமே கணக்கில் விடுபட்டிருந்தனர். இன்று பெங்களூரிலும் அமெரிக்காவிலும் வாழும் சில குடும்பங்களில் மகளின் பெயரோடு நயினார் என்பது குடும்பப் பெயராகச் சேர்க்கப்படுகிறது. 'பெண்ணுக்கு நயினாரா?' என்று முதியோர் சிலர் வியக்கின்றனர். தாயார், பாட்டியார் என்னும் சொற்களிலும் இதே 'ஆர்' விகுதிதான் உள்ளது. இலக்கணம் தடுக்கவில்லை, வழக்கம் இல்லாதிருந்தது, அவ்வளவே. அண்ணன் ஆங்கிலத்தில் ஒருவிதமாகவும் தம்பி வேறுவிதமாகவும் எழுத்துக்கூட்டி எழுதி, ஒரே வீட்டில் இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டாகிவிடுவதே உண்மையான இடர். சொத்துரிமைச் சான்றிதழ் பெறும் நாளில்தான் அதன் துன்பம் தெரியும்.

இவையெல்லாம் ஒரு பெயரைப் பற்றிய நுணுக்கங்கள்தாமே என்று கருதலாம். எண்ணிக்கை பற்றிய கேள்வி எழும்போது அவ்வாறு ஒதுக்க இயலாது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஜைனர் 83,359 பேர். 2011இல் 89,265 பேர். அதே 2011இல் நாடு முழுவதும் இருந்த ஜைனர் 44,51,753 பேர். தமிழ்நாட்டுத் தொகையில் சௌகார்பேட்டை முதலிய இடங்களில் தலைமுறைகளாக வாழும் இராசத்தானத்து, குசராத்து மரபினரும் அடங்குவர். அவர்களும் தருமத்தால் உடன்பிறந்தோரே. எனினும் மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்து, பொன்னூரிலும் வீடூரிலும் பெருமண்டூரிலும் விழுக்கத்திலும் கரந்தையிலும் தீபங்குடியிலும் ஜினாலயங்களைக் காத்துவரும் தமிழ்க் குடிகள் எத்தனை என்பது அந்த எண்ணிலிருந்து வெளிப்படாது. சமயத்துக்கு ஓர் அட்டவணை, தாய்மொழிக்கு வேறோர் அட்டவணை. முதன்மை வெளியீடுகளில் இரண்டும் இணைவதில்லை.

1931க்குப் பின் நாட்டின் கணக்கெடுப்பு அனைத்துச் சாதிகளின் விவரங்களையும் வெளியிட்டதில்லை. 2027 மார்ச் 1ஆம் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்ட கணக்கெடுப்பில் சாதி விவரமும் கேட்கப்பட உள்ளது. எனவே இது வெறும் பழமைப் பேச்சன்று. கணக்கெடுப்பாளர் வாயிலில் வந்து நிற்கும்போது, சமயம் என்னும் இடத்தில் 'ஜைனம்' என்று சொல்வதில் யாருக்கும் ஐயம் எழாது. சாதி என்று கேட்டவுடன் ஒரு வீட்டார் நயினார் என்பர். அடுத்த வீட்டார் ஜைனர் என்பர். மூன்றாம் வீட்டார் தமிழ் ஜைனர் என்பர். கும்பகோணம், தஞ்சைப் பக்கத்தார் முதலியார் என்றோ செட்டியார் என்றோ சொல்லக்கூடும். நகரத்து இளைஞர் 'சாதி இல்லை' என்பார். அவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆயின் சிறியதொரு சமுதாயம் ஐந்து பெயர்களாகச் சிதறிப் பதிவாகும். நயினார் என்று சொன்னவர்களோ, அப்பெயரை வழங்கும் பிற சமூகத்தாரோடு ஒரே வரிசையில் கலந்துவிடுவர்.

ஆதலின் ஊர்தோறும் ஜினாலயப் பொறுப்பாளர்கள் இதனை முன்கூட்டியே கலந்து பேசி ஒரே சொல்லை முடிவு செய்தல் நலம். 'தமிழ் ஜைனர்' என்பது பிற சமூகத்தாரோடு கலக்காத சொல். எல்லாப் பட்டத்தாரையும் அடக்கும் சொல். சந்திரநாத செட்டியாரும் அப்பாசாமி நயினாரும் இன்று இருந்தால் இருவருமே அதன்கீழ் வருவர். நயினார் என்னும் பட்டத்தை அந்தக் கட்டத்தில் திணிப்பதைவிட, அதற்குரிய இடத்தில் காப்பதே முறை.

அதற்குரிய இடம் குடும்பப் பதிவேடு. பாட்டனார் பெயர், அவர் எழுதிய பட்டம், பூர்விக ஊர், வணங்கிய ஜினாலயம், பாட்டியார் பிறந்த ஊர், அவர் தந்தையார் எழுதிய பட்டம் ஆகிய ஆறு செய்திகள் போதும். இவற்றுள் கடைசி இரண்டும் பல வீடுகளில் ஏற்கெனவே மறந்துபோயின. பழைய பத்திரங்கள் பரணில் கிடந்தால் கரையான் அரிக்குமுன் எடுத்துப் பார்க்கலாம். கையொப்பத்துக்குக் கீழே பட்டம் எழுதப்பட்டிருக்கும். எழுபது வயதைக் கடந்த பெரியோர் உள்ள வீடுகளில் இந்த விழா முடிந்து ஊர் திரும்பிய வாரத்திலேயே இதைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். முதலில் பாட்டியாரிடம் கேட்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அவருக்கே உறவுமுறை முழுவதும் தெரியும்.