கல்லெறிந்தவனை யார் கேட்பது?



2022 மே 10. முதல்நாள் பிரதமர் பதவியைத் துறந்த மகிந்த ராஜபக்ச குடும்பத்தோடு வந்து ஒதுங்கிய இடம் நம்முடைய திருக்கோணமலைத் துறைமுகத்துக் கடற்படைத் தளம். செய்தி பரவியதும் வாசலில் சனம் திரண்டது. மண்ணெண்ணெய் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. அந்தக் கோபத்தைப் பிழை என்று சொல்ல எவருக்கும் வாய் வராது.

அதற்கு முதல்நாள் என்ன நடந்தது? காலிமுகத்திடலில் ஒரு மாதமாக அமைதியாகப் போராடியவர்களை, பிரதமரின் அலரி மாளிகைக் கூட்டத்திலிருந்து கிளம்பி வந்தவர்கள் பொல்லால் அடித்தார்கள். தொடங்கியவர்கள் அவர்கள்தான். இதை மறைத்துவிட்டு அகிம்சையைப் பற்றிப் பேசுகிறவன் ஆளுகிறவனுக்காகப் பேசுகிறான். ஆனால் அன்றைக்கே நிட்டம்புவவில் ஆளுங்கட்சி எம்.பி. அமரகீர்த்தி அத்துகோரள கூட்டத்தின் கையில் உயிரிழந்தார். வீடுகள் எரிந்தன. மறுநாள் கொள்ளையிடுவோரைச் சுடலாம் என்று படைகளுக்கு உத்தரவு வந்தது. ஜூலை 22 விடியுமுன் போராட்டக் கூடாரங்கள் பிரித்தெறியப்பட்டன. ஆகஸ்டில் மாணவர் தலைவர் வசந்த முதலிகே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போனார். 2023 ஜனவரி 31 வரை காத்திருந்துதான் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை பெற்றார். 1979 முதல் நம் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன அதே சட்டம்! சிங்களத் தாய்மார் பலருக்கு அது அன்றைக்குத்தான் விளங்கியது.

"ஐயா, அடி வாங்கிக்கொண்டே இருக்கச் சொல்கிறீர்களா?" என்று தம்பிமார் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1961இல் தமிழ்மொழி உரிமை கேட்டு யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சத்தியாக்கிரகம் இந்த ஊர்க் கச்சேரி வாசலுக்கும் வந்தது. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் தரையில் இருந்தார்கள். ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் வந்தது, தலைவர்கள் பனாகொடை முகாமுக்குப் போனார்கள். கேட்டது கிடைக்கவில்லை. 2006 ஜனவரி 2 அன்று நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கையில் கல்கூட இல்லை. குண்டுக் காயங்களைப் படமெடுத்து உலகுக்குக் காட்டிய பத்திரிகையாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி இங்கேயே கொல்லப்பட்டார். 2019 ஜூலையில் மாணவர் கொலை வழக்கின் சந்தேகநபர்கள் பதின்மூவரும் சாட்சியம் போதாதென்று விடுவிக்கப்பட்டார்கள். சீருடைத் துவக்கையும் தெருப்பெடியனின் கல்லையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை.

பிறகு ஏன் கல் வேண்டாம் என்கிறேன்? நம் பெயரால் ஒருவன் வன்முறையைக் கையில் எடுத்துவிட்டால், அதன் பிறகு அவனை நமக்குள்ளே எவரும் கேள்வி கேட்க முடியாது. கேட்டவன் துரோகி. 1989 ஜூலை 13 கொழும்பில் தமிழர் தலைவர் அமிர்தலிங்கத்தைச் சுட்டவர்கள் தமிழர்கள். 1997 ஜூலை 5 நம் ஊர் எம்.பி. தங்கத்துரை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரிக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. பள்ளிக்கூட வாசலில்! அதிபரும் அந்தத் தாக்குதலில் இறந்தார். பழி புலிகள்மீதே விழுந்தது. அன்றைக்கு இந்த ஊரில் எத்தனை பேர் வாய் திறந்து கண்டித்தோம்? பயந்தோம். அந்தப் பயத்தை நமக்குக் கொடுத்தது அரசாங்கம் மட்டுமா?

தீவிரமாகப் பேசுவதும் தீவிரவாதமும் ஒன்றல்ல. பறிபோன காணியைக் கேட்டு, காணாமல் ஆக்கப்பட்டோரைக் கேட்டு வெயிலில் நிற்கும் அம்மாமாரைவிடத் தீவிரமானவர்கள் யார்? அவர்களைப் பயங்கரவாதிகள் என்று பதிவெழுதும் பொலிஸாரை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அதைச் செய்ய நம் கை சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு சிங்களக் கடையின் கண்ணாடி உடைந்தால் மறுநாள் பேச்சு முழுக்கக் கண்ணாடியைப் பற்றித்தான் இருக்கும். காணியைப் பற்றி ஒரு வரி வராது.

ஆகவே, போராட்டங்களை ஒழுங்கு செய்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஊர்வலத்துக்கு முன்பே தமிழ், முஸ்லிம், சிங்களம் என மூன்று சமூகங்களிலிருந்தும் தொண்டர்களைத் தெரிவுசெய்யுங்கள். கல்லெடுக்கும் கையை, அது நம் வீட்டுப் பிள்ளையின் கையானாலும், அவர்களே பிடிக்கட்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை முற்றாக நீக்கு என்பதே அந்த ஊர்வலத்தின் முதல் பதாகையாக இருக்கட்டும். அதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள்.