துருவை முந்தும் பூச்சு

தோப்பும்படியிலிருந்து பாலம் கடந்து வில்லிங்டன் தீவின் அலுவலகங்களுக்குச் சென்று வரும் நம்மைப் போன்றோருக்கு, மோட்டார் வண்டியின் பகைவன் யாரென்று சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. ஒருபுறம் அரபிக்கடல், மறுபுறம் காயல். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. உப்பும் ஈரமும் கலந்த இக்காற்றில் இரும்புத் தகடு விரைவில் துருவேறுகிறது.

2014 வரை உற்பத்தியான அம்பாஸிடர் வண்டியை இன்றும் பேணி வருவோர் உண்டு. அதன் மட்கார்டு அரித்துப்போனால், புதியதை வாங்கி வீட்டிலேயே வண்ணம் பூசலாம். ஆனால் வண்ணம் கடைசி வேலை. அதற்கு முந்திய வேலைகளே தகட்டின் ஆயுளை நிர்ணயிக்கின்றன.

முதலாவது, பூசுமுன் தகட்டை வண்டியில் பொருத்திப் பார்க்க வேண்டும். கதவோடும் பானெட்டோடும் இடைவெளி சீராக இல்லையேல் அப்போதே திருத்திவிடலாம். பூசிய பின் தட்டி வளைத்தால் பூச்சு வெடித்துவிடும்.

அடுத்து, தகட்டின் மேலுள்ள எண்ணெய்ப் பசையைத் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காமல் தேய்த்தால் பசை எங்கும் பரவும். புதுத் தகடு பெரும்பாலும் கறுப்புப் பூச்சுடன் வருகிறது. அதைத் தின்னரில் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். கரைந்து வந்தால் முழுவதும் நீக்குக. கரையாவிடில் மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பை மட்டும் போக்கினால் போதும்.

இரும்பு வெளிப்பட்ட இடத்தை வெறுங்கையால் தொடலாகாது. வியர்வையின் உப்பே துருவுக்கு வித்தாகிறது. அன்றைய தினமே பிரைமர் பூசிவிட வேண்டும். நம் ஊரில் ஓரிரவு விட்டாலே செம்மை படரக் காணலாம். பிரைமர் உலர்ந்த பின், நுண்ணிய உப்புத்தாளால் இழைத்துச் சமன்செய்க.

வண்ணத்துக்கு மழைக்காலம் உகந்ததன்று. லாக்கர் வகை வண்ணத்தில் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, பூச்சு வெண்மை பூத்து மங்கிவிடுகிறது. ஆதலால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், பனி விலகிய முற்பகலில் பூசுவது நலம். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய பல பூச்சுகளே சிறந்தவை. ஒன்று உலர்ந்த பின்னரே மற்றொன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடினமாக்கி கலந்து பூசும் பாலியூரித்தேன் வண்ணங்களில் ஐசோசயனேட் என்னும் பொருள் உண்டு. தெளிக்கையில் அது மூச்சில் புகுந்தால் ஆஸ்துமா வரக்கூடும். முகத்தில் துணி கட்டிக்கொள்வது காப்பாகாது. அவ்வகை வண்ணத்தைத் தக்க சாதனமுள்ள பட்டறைக்கே விட்டுவிடுக. லாக்கருக்கும் ஆவியைத் தடுக்கும் சுவாசக் கவசம் அவசியம். காற்றோட்டமான இடமும் வேண்டும். அருகே அடுப்போ விளக்குச் சுடரோ இருத்தலாகாது.

இறுதியாக, தகட்டின் உட்புறம். சக்கரம் வாரியிறைக்கும் சேறும் உப்புநீரும் அங்கேதான் தங்குகின்றன. பழைய மட்கார்டு பெரும்பாலும் உள்ளிருந்தே அரித்திருக்கும். ஆகவே உட்புறத்துக்கும் பிரைமர் பூசி, அதன்மேல் தார்ப்பூச்சு இடுக. நீர் வடியும் துளைகளை அது அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்க.

வெளிப்புறத்தை ஊரார் பார்த்துப் பாராட்டுவார்கள். உட்புறத்தைப் பார்ப்பவர் எவருமிலர். ஆயினும் வண்டி எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது.