வீட்டுக் கணினிக்கு எந்தக் கார்டு?



தோட்டத்து வீடுகளிலும் இன்று கணினி வந்துவிட்டது. பெரும்பாலும் அது பட்டணத்து அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணினியாக இருக்கும். ஒருநாள் பிள்ளை வந்து, "அப்பா, படம் நின்று நின்று ஓடுது, கிராஃபிக்ஸ் கார்டு மாத்தணும்" என்கிறான். விளையாட்டுப் புத்தி என்று நாம் சினந்துவிடுகிறோம். விளையாட்டுக்காகவும் கேட்டிருக்கலாம், கல்லூரிப் பாடத்துக்கு வீடியோ வெட்டி ஒட்டவும் கேட்டிருக்கலாம். எதற்கு என்று முதலில் கேட்டுக்கொள்வோம்.

திரையில் ஓடும் படத்தை வினாடிக்குப் பல தடவை வரைந்து கொடுக்கும் பலகைதான் கிராஃபிக்ஸ் கார்டு. இன்னதை வரை என்று சொல்வது கணினியின் மூளையாகிய பிராசசர். சாதாரணத் திரை வினாடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றிக் காட்டும். கார்டு 150 தடவை வரைந்து கொடுத்தாலும், அந்தத் திரையில் நாம் காண்பது 60தான்.

சரி, குறை கார்டில்தான் இருக்கிறதா? செம்பனைக் குலைகளை வெட்டிப் போட்டாயிற்று. ஏற்றிச் செல்ல லாரி வரவில்லை. அப்போது வெட்டுவதற்கு இன்னும் நான்கு பேரை அனுப்பி என்ன பயன்? கணினியிலும் இதே கதைதான். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஜிபியு என்ற இடத்தில் நூற்றுக்கு நூறை ஒட்டி நின்றால் கார்டுதான் திணறுகிறது. அது பாதியில் நிற்க, பிராசசரோ மெமரியோ நிரம்பி வழிந்தால், புதுக் கார்டு வாங்கியும் படம் அப்படியேதான் ஓடும். இன்னொரு சோதனையும் உண்டு. படத்தின் தெளிவைக் குறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் குறை கார்டில், கூடாவிட்டால் வேறிடத்தில்.

கார்டுதான் என்று முடிவானாலும் உடனே கடைக்கு ஓடவேண்டாம். 2025ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. புதிய நடுத்தரக் கார்டு ஒன்று அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அப்படி வாங்கிவந்த கார்டு பெட்டிக்குள் நுழையாவிட்டால்? அலுவலகக் கணினிகளில் இது அடிக்கடி நடப்பதுதான். பெட்டி ஒல்லியாக இருந்தால் உயரம் குறைந்த கார்டுதான் பொருந்தும். வாங்குமுன் உள்ளே இருக்கும் இடத்தை அளவுகோல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் மின்சாரம். கார்டு செருகும் இடத்திலிருந்து அதற்குக் கிடைப்பது அதிகம் போனால் 75 வாட்தான். 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 அந்த 75 வாட்டுக்குள் அடங்கும். அதன் பல வகைகளுக்குத் தனிக் கம்பி வேண்டாம். 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170 வாட் வேண்டும். தனிக் கம்பியும், 550 வாட் பவர் சப்ளையும் வேண்டும் என்கிறார்கள் செய்தவர்கள். பழைய அலுவலகக் கணினியின் பவர் சப்ளை பெரும்பாலும் அதில் பாதி அளவே இருக்கும். சிலவற்றின் வடிவமும் தனி. கடையில் கிடைக்கும் பவர் சப்ளை அதில் உட்காராது. ஆகவே அத்தகைய வீட்டுக்குச் சிறிய கார்டே போதும் என்பது நம் எண்ணம். வீடியோ வேலையே பிழைப்பாகப் போகிறது என்றால், காசு சேர்த்து வேறு கணினி வாங்குவதுதான் கணக்குக்குச் சரி.

பழைய கார்டு வாங்கலாமா என்று கேட்பீர்கள். வாங்கலாம். 2022 செப்டம்பர் வரை எத்திரியம் என்ற மின்காசைத் தேடி எத்தனையோ கார்டுகள் இரவு பகலாக உழைத்தன. அந்த வேலை நின்றதும் பல, விற்பனைக்கு வந்தன. காசு கொடுக்குமுன் கடையிலேயே அரைமணி நேரம் விளையாட்டை ஓடவிட்டுப் பாருங்கள். காற்றாடி கரகரத்தாலும், திரையில் புள்ளியோ கோடோ தெறித்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. புதுக் கார்டைப் பொருத்திய பிறகும் வேகம் கூடவில்லையே என்று சிலர் கடைக்காரரோடு சண்டைக்குப் போவதுண்டு. பார்த்தால், திரையின் கம்பி பழைய துளையிலேயே இருக்கும். அதைக் கழற்றி, புதுக் கார்டின் துளையில் செருகுங்கள்.