முற்றத்தில் கல்லும் மண்ணும்

வீடு கட்டி முடித்தவரிடம் கடைசியில் சிறிது பணமும் சில மூட்டைச் சிமெண்டும் மிஞ்சினால், அவை பெரும்பாலும் முற்றத்திற்கே போய்ச் சேருகின்றன. மதிற்சுவர் முதல் வாயிற்படி வரை ஒரே தளமாகப் பூசிவிடுகின்றனர். சேறு இல்லை, களை இல்லை, பெருக்குவதும் எளிது. இந்த ஆசையைக் குறை கூறுவதற்கில்லை. மழைக்காலத்தில் சேற்றை மிதித்துக்கொண்டு வீட்டிற்குள் நுழைய யார்தான் விரும்புவர்? முற்றத்திற்குக் கல் வேண்டும். அது எங்கே வேண்டும், எவ்வளவு வேண்டும், எவ்வாறு பாவ வேண்டும் என்பவற்றையே இன்று எண்ணிப் பார்க்க விரும்புகின்றேன்.

பழைய வீடுகளில் இதற்கு ஒரு முறை இருந்தது. அமர்வதற்குத் திண்ணை, துவைப்பதற்குக் கிணற்றடியில் ஒரு கல், வழிபடுவதற்குத் துளசி மாடம். கால் அடிக்கடி படும் இடத்திலும் நீர் ஓயாது விழும் இடத்திலும் கல் இருந்தது. எஞ்சிய இடம் மண்ணாகவே இருந்தது. கிணற்றடியில் சிந்திய நீர் சிறு வாய்க்கால் வழியே வாழைக்குப் போயிற்று. கல்லும் மண்ணும் தத்தம் வேலையைச் செய்தன.

முற்றம் முழுவதையும் மூடிவிட்டால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் பார்ப்போம். ஆயிரம் சதுர அடித் திறந்த வெளியில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால், அங்கே விழும் நீர் ஒன்பதாயிரம் லிட்டருக்கும் மேல். மண் தரையாயின் அதில் ஒரு பகுதி உள்ளே இறங்கும். சிமெண்டுத் தளமாயின் ஏறக்குறைய முழுவதும் தெருவுக்கு ஓடும். தெரு முழுவதும் இப்படியே செய்தால் அந்த நீர் எங்கே போகும்? சென்னை நகரம் 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வெள்ளத்தில் தத்தளித்தது. அதே நகரம் 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, தண்ணீர் வண்டிக்குக் குடத்துடன் காத்து நின்றது. இவற்றிற்குக் காரணங்கள் பல. முற்றத்துத் தளம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆயினும், நாம் திருத்தக்கூடிய காரணம் நம் வாயிற்படியின் கீழேயே கிடக்கின்றது. தமிழ்நாட்டில் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீருக்குக் குழி தோண்டிவிட்டு முற்றத்து நீரைத் தெருவுக்குத் துரத்துவது பொருந்துமா?

இனி, பாவும் முறைக்கு வருவோம். வாயிலிலிருந்து படிவரை, இருவர் இணைந்து நடக்க நான்கடி அகலம் போதும். அவ்விடத்தை ஆறு அங்குல ஆழம் தோண்டித் திமிசு போடுங்கள். அதன்மேல் மூன்று அங்குலம் ஜல்லியும் இரண்டு அங்குலம் மணலும் பரப்பி, இரண்டு அங்குலக் கனமுள்ள கற்பலகைகளை வையுங்கள். கல்லின் முகம் மண்ணைவிட ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கும். காலில் சேறு படாது. கற்களுக்கிடையே அரை அங்குலம் இடைவெளி விட்டு, அதில் மணலையே நிரப்புங்கள், சிமெண்டு வேண்டா. இரு ஓரங்களிலும் செங்கற்களைச் செங்குத்தாகப் பதித்தால் மணல் சரியாது. ஐந்தடிக்கு ஓர் அங்குலம் வீதம் சரிவு இருக்கட்டும். அச்சரிவு வீட்டுச் சுவரை நோக்காமல் செடிகளை நோக்கியிருக்க வேண்டும். மெருகேற்றிய கல் மழையில் வழுக்கும். வீட்டிலுள்ள முதியோரை நினைத்து, கொத்திய கருங்கல்லையே தேர்ந்தெடுங்கள்.

களிமண் நிலத்தில் நீர் மெதுவாகவே இறங்கும். அங்கே, சுவரை விட்டுத் தள்ளி, தாழ்ந்த மூலையில் ஒரு குழி எடுத்து ஜல்லி நிரப்புவது நலம்.

மரத்தின் நிலையையும் மறந்துவிடலாகாது. வேம்பின் அடிமரத்தை ஒட்டியே சிமெண்டு பூசியிருப்பதைப் பல தெருக்களில் காண்கின்றோம். வேருக்கு நீர் மட்டுமன்றிக் காற்றும் தேவை. அடிமரத்தைச் சுற்றி நான்கடியேனும் மண்ணாக விடுங்கள். இடமிருந்தால் இன்னும் மிகுதியாக விடுங்கள். அமர மேடை வேண்டுமென்றால், அந்த மண்ணுக்கு அப்பால், மரநிழல் விழும் பக்கத்தில் ஒரு கல்லைத் தாங்குகற்களின் மேல் வையுங்கள். பகலெல்லாம் வெயிலை உண்ட சிமெண்டுத் தளம் இரவில் அந்த வெப்பத்தை உமிழ்கின்றது. மண்ணும் இலையும் உள்ள முற்றத்தில் மாலையில் அமர்ந்து பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

முன்பே தளம் போட்டுவிட்டவர்கள் வருந்த வேண்டியதில்லை. முழுவதையும் பெயர்க்க இயலாவிட்டாலும், மதிலோரமாக இரண்டடி அகலத்திற்கு ஒரு பட்டையைப் பெயர்த்து, மண்ணைக் கொத்திவிட்டு, நான்கு செடி நடலாம். ஓர் ஆளுக்குச் சில நாள் வேலைதான். அடுத்த மழையன்று வாயிலில் நின்று பாருங்கள். தெருவுக்கு ஓடிய நீர், உங்கள் செடியின் அடியில் சற்று நின்று, பின்பு மெல்ல மறையும். அவ்வாறு மறைந்த நீரே கோடையில் நம் கிணற்றுக்குத் துணை.