கிணறு துளைப்போர்க்கு வேண்டிய ஆங்கிலம்

(வெள்ளி விழாவையொட்டிக் காங்கேயத்தில் நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

எண்ணெய், எரிவாயுக் கிணறு துளைக்கும் தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். காங்கேயத்தில் எண்ணெய் என்றால் கொப்பரைக் களத்து நினைவுதான் வரும். பூமிக்கடியில் கிடைக்கும் எண்ணெய் இவ்வட்டாரத்தில் ஒரு சொட்டும் கிடையாது. நம் காலடியில் இருப்பது நீரைக்கூட விரிசல்களில் மட்டுமே ஒளித்து வைத்திருக்கும் கடும்பாறை. எண்ணெய் தங்குவதற்கு வண்டல் படிந்து இறுகிய பாறை வேண்டும். அது கிழக்கே காவிரிப் படுகையில் இருக்கிறது. 1964-ஆம் ஆண்டிலேயே காரைக்காலில் எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் கிணறு துளைத்தது. 1980-களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. அத்தனை தொலைவிலுள்ள தொழிலுக்கும் நமக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம்.

உறவு உண்டு, அது கிணற்றின் வழி வந்த உறவு. காளைகள் பூட்டிக் கவலை இறைத்த காலத்தில், சாலோடு சேர்ந்த தோற்பையைத் தைத்துக் கொடுத்தவர்கள் யார்? நம் முன்னோர். பாறையை உடைத்துக் கிணற்றை ஆழப்படுத்தியவர்களிலும், மண்ணைக் கூடையில் சுமந்து மேலேற்றியவர்களிலும் நம்மவர் இருந்தனர். வெட்டிய கிணற்றில் நீர் சுரந்தபின், அதே கிணற்றில் இறங்கி ஒரு குடம் மொள்ளும் உரிமை மட்டும் நமக்கு இருந்ததில்லை. இதை இங்கே கூடியுள்ள பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

பின்னர்க் கிணற்றுக்குள் சைடு போர் வந்தது. அதன்பின் போர்வண்டி வந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் சென்று, கடல் கடந்து ஆப்பிரிக்க நாடுகளிலும் நீருக்காகத் துளைக்கின்றன. அவ்வண்டிகளில் நம் இளைஞர்களும் உதவியாளராகச் சென்றிருக்கிறார்கள். ராடு மாற்றவும், கேசிங் இறக்கவும், பிட் தேய்ந்ததா என்று ஒலியைக் கொண்டே அறியவும் கற்றிருக்கிறார்கள். இவர்களுக்கு எண்ணெய்க் கிணற்றின் தொழில் முற்றிலும் புதியதன்று; புதியது அதன் சொற்கள்தாம்.

வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். நம் போர்வண்டி காற்றழுத்தத்தால் சம்மட்டிபோல் பாறையை இடித்துத் தூளாக்கி, அத்தூளைக் காற்றாலேயே மேலே ஊதிவிடுகிறது. எண்ணெய் ரிக் பிட்டைச் சுழற்றித் துளைக்கிறது. குழாய்க்குள் ஒரு திரவத்தைச் செலுத்தி, பாறைத் துகளை அத்திரவத்தோடு மேலே கொண்டு வருகிறது. அத்திரவத்தின் பெயர் ‘மட்’. பள்ளி அகராதியைப் பார்த்தால் சேறு என்றிருக்கும். அது வெறும் சேறன்று. களிமண்ணும் மருந்துகளும் கலந்து, எடை கூட்டப் பாரைட் என்னும் கனிமத்தூள் சேர்த்து, அளந்து ஆக்கப்படுவது. ஆந்திரத்து மங்கம்பேட்டையில் வெட்டியெடுக்கும் பாரைட் இதற்காகவே உலகெங்கும் போகிறது.

இந்த மட்டின் எடைதான் கிணற்றைக் காக்கிறது. ஒரு கேலனுக்கு 10 பவுண்டு எடையுள்ள மட், 10,000 அடி ஆழமுள்ள நேர்க்கிணற்றில் நிறைந்து நின்றால், அடியில் ஒரு சதுர அங்குலத்துக்கு 5,200 பவுண்டு அழுத்தம் தரும். 10-ஐ 10,000-ஆல் பெருக்கி, வரும் தொகையை 0.052-ஆல் பெருக்கினால் விடை வந்துவிடும். எட்டாம் வகுப்புக் கணக்கு இது. பாறைக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம் இதைவிட மிகுந்தால் வாயு கிணற்றுக்குள் புகும். அதற்கு ‘கிக்’ என்று பெயர். உதை என்ற பொருளில் நீங்கள் அறிந்த சொல்தான். கிக் வந்ததை உடனே கண்டு கிணற்றை அடைத்தால் பிழைப்போம். காணத் தவறினால் அது ‘புளோஅவுட்’ ஆகிவிடும். 1995 ஜனவரியில் ஆந்திரத்தின் பாசர்லபூடியில் அப்படி வெடித்தெழுந்த கிணறு இரண்டு மாதங்களுக்கு மேல் எரிந்தது.

தொழிலின் ஆங்கிலம் எத்தகையது என்பது இதற்குள் உங்களுக்குப் புலப்பட்டிருக்கும். பெரிய சொற்களால் இடர் வருவதில்லை. பெரிய சொல்லைக் கேட்டால் நாம் எச்சரிக்கையாகிப் பொருள் கேட்போம். தெரிந்தது போல் தோன்றும் சிறு சொல்தான் ஏமாற்றும். ‘டிரிப்’ என்றால் பயணமன்று. குழாய்த் தொடரைக் கிணற்றிலிருந்து முழுதும் உருவுவதும் திரும்ப இறக்குவதும் டிரிப். ‘ஃபிஷ்’ என்றால் மீனன்று. கிணற்றுக்குள் முறிந்து விழுந்த இரும்பு. அதை எடுக்கும் வேலை ‘ஃபிஷிங்’. ‘மேக் அப்’ என்றால் ஒப்பனையன்று. குழாயோடு குழாயைத் திருகிப் பூட்டுவது. கழற்றுவது ‘பிரேக் அவுட்’. ‘கிறிஸ்துமஸ் டிரீ’ என்பது கிணற்றின் தலையில் பொருத்தும் வால்வுகளின் தொகுதி. ஷிப்டுக்கு ‘டூர்’ என்று எழுதுவார்கள். பழைய ரிக்காரர்கள் அதையே ‘டவர்’ என்று ஒலிப்பார்கள். எழுத்தைப் படித்தவனுக்கு ஒலி புரியாது. ஒலியைக் கேட்டுப் பழகியவனுக்கு எழுத்து புரியாது. இரண்டையும் சேர்த்தே கற்க வேண்டும்.

வேலையின் படிகளும் இப்படித்தான். ‘ரௌஸ்டபௌட்’ என்பவன் சுமை தூக்கிச் சுத்தம் செய்யும் கடைநிலைத் தொழிலாளி. அடுத்தவன் தளத்தில் குழாய் பூட்டும் ‘ஃப்ளோர்மேன்’. அவனுக்கு மேல் உயரத்தில் நின்று குழாய்களை அடுக்கும் ‘டெரிக்மேன்’, பிறகு துணை டிரில்லர், டிரில்லர், ‘டூல்புஷர்’. ஃப்ளோர்மேன் வரை கைவலு போதும். அதற்கு மேல் எழுதவும் கணக்கிடவும் அறிக்கை கொடுக்கவும் வேண்டும். டிரில்லராக வேண்டுமாயின் ஐ.டபிள்யூ.சி.எஃப். அல்லது ஐ.ஏ.டி.சி. வழங்கும் கிணற்றுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் பெற வேண்டும். முப்பது வயதில் நல்ல ஃப்ளோர்மேனாக இருந்தவன் ஐம்பது வயதிலும் ஃப்ளோர்மேனாகவே இருப்பதை நான் பல ரிக்குகளில் கண்டிருக்கிறேன். அவர்களில் நம் தமிழரும் உண்டு. கை கற்றுக்கொண்டதைத் தாளில் எழுத முடியாமற் போனதே காரணம்.

பதவி ஒருபுறம் இருக்கட்டும். உயிரைப் பற்றிப் பேசுவோம். 1988 ஜூலை 6-ஆம் நாள் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்னும் எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் மாண்டனர். அங்கே ஒரு பம்பைப் பழுது பார்ப்பதற்காக நிறுத்தியிருந்தார்கள். அதன் பாதுகாப்பு வால்வையும் கழற்றி, அவ்விடத்தை ஒரு தகட்டால் மூடியிருந்தார்கள். பம்புக்கு ஒரு வேலை அனுமதிச் சீட்டு, வால்வுக்கு மற்றொரு சீட்டு. இரவு ஷிப்டில் வந்தவர்களுக்கு முதற்சீட்டு தெரிந்திருந்தது, இரண்டாவது தெரியவில்லை. இரவு பத்து மணிக்குச் சற்று முன்னர் மற்றொரு பம்பு நின்றுபோகவே, வால்வு இல்லாத பம்பை இயக்கினார்கள். மூடிய தகட்டின் வழியே வாயு கசிந்தது. கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை 1990-இல் வெளிவந்தது. அதில் 106 பரிந்துரைகள் இருந்தன.

அம்மேடையில் இருந்தவர்கள் ஆங்கிலம் அறியாதவர்கள் அல்லர். அது அவர்களது தாய்மொழி. ஆகவே தொழில் ஆங்கிலம் என்பது நுனிநாக்கில் பேசுவதன்று என்பதை இளைஞர்கள் நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். ஒருவன் அறிந்தது அடுத்தவனுக்குப் பிசகின்றிப் போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி. இதில் உச்சரிப்பைக் கண்டு கூசுவதற்கு ஒன்றுமில்லை. நார்வேக்காரனும் எகிப்தியனும் பேசும் ஆங்கிலத்தையும் நான் கேட்டிருக்கிறேன். நம் ஆங்கிலம் எவ்வகையிலும் அதற்குத் தாழ்ந்ததில்லை.

இனி, நான் சொல்ல வந்தவற்றுள் முதன்மையானதைச் சொல்கிறேன். நம் பாட்டன்மார் பண்ணையத்தில் ஒரு சொல்லை மட்டும் நன்றாகக் கற்பிக்கப்பட்டார்கள்: “சரிங்க சாமி.” புரிந்தாலும் சரிங்க, புரியாவிட்டாலும் சரிங்க. மறுத்துக் கேட்டால் என்ன நேரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தச் சொல் இன்னும் நம் நாக்கை விட்டுப் போகவில்லை. ஆங்கிலத்தில் ‘எஸ் சார்’ என்று சட்டை மாற்றிக்கொண்டு வருகிறது. வளைகுடாவின் ஒரு ரிக்கில் நம் தமிழிளைஞன் ஒருவன், டிரில்லர் சொன்னது விளங்காமலே ‘எஸ்’ என்று தலையாட்டிவிட்டுக் குழாய் திருகும் டாங்ஸில் கையை வைத்தான். இரண்டு விரல்கள் போயின. அவன் மூடனல்லன், என்னைவிட விரைவில் வேலை கற்றவன். ‘புரியவில்லை’ என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, அவ்வளவே.

ஆனால் எண்ணெய் ரிக்கின் சட்டம் வேறு. ஆபத்து என்று கண்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம், அன்று காலை வேலைக்குச் சேர்ந்த கடைநிலைத் தொழிலாளிக்கும் உண்டு என்று பெரிய நிறுவனங்கள் இன்று எழுதியே வைத்திருக்கின்றன. ‘ஸ்டாப் த ஜாப்’ என்று அவன் கத்தினால் டூல்புஷரும் நிற்க வேண்டும். எல்லா ரிக்கிலும் இது முறையாக நடக்கிறதென்று நான் சொல்ல மாட்டேன். மேலாளர் முகம் சுளிப்பதும் உண்டு. ஆயினும் விதி அதுதான். ஆகவே நம் பிள்ளைகள் கற்க வேண்டிய முதல் மூன்று வாக்கியங்கள் இவை: ‘ஸ்டாப் த ஜாப்.’ ‘சே அகெய்ன்.’ ‘ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட்.’ இலக்கணப் புத்தகத்தில் ‘மை நேம் இஸ்’ என்று தொடங்குகிறார்கள். நாம் இங்கிருந்து தொடங்குவோம். கண்ணாடி முன் நின்று, உரத்த குரலில், தலை குனியாமல் சொல்லிப் பழகுங்கள். இயந்திர இரைச்சலில் மெல்லச் சொன்னால் எவர் காதிலும் விழாது.

நான்காவதாக ஒரு பழக்கம் உண்டு. கட்டளை கேட்டவுடன் அதைத் திருப்பிச் சொல்லுதல். ‘பிக் அப் டென் ஃபீட்’ என்றால் பத்தடி தூக்கு. ‘ஸ்லாக் ஆஃப்’ என்றால் இறக்கு. அவன் சொன்னதை அப்படியே நீ திருப்பிச் சொல்; அவன் ஆமென்ற பிறகு கை வை. எண்களிலும் இதே கவனம் வேண்டும். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஜீரோ’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும்.

எழுத்தில் மிகுந்த பயன் தருவது ‘பைப் டாலி’. கிணற்றில் இறங்கும் ஒவ்வொரு குழாயையும் அளந்து எழுதும் பட்டியல் அது. அடியைப் பத்தாகப் பகுத்து எழுதுவது வழக்கம். 31.5 என்றிருந்தால் 31 அடி 5 அங்குலம் என்று நம் தச்சர் கணக்கில் படித்துவிடக் கூடாது. அது 31 அடி 6 அங்குலம். ஒரு குழாய்க்கு ஓர் அங்குலம் தவறினால் என்ன என்று தோன்றும். 300 குழாய்க்கு 25 அடி! எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்பதே பொய்யாகிவிடும்.

எச்சரிக்கைப் பலகைகளையும் படிக்கப் பழக வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் வாயு அழுகிய முட்டைபோல் நாறும். ஆனால் பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினால் மூக்கே மரத்துப்போகும்; நாற்றம் நின்றுவிடும். நாற்றம் போயிற்று என்று மகிழ்ந்தவன் பிழைப்பதில்லை. அளவுகோலில் ‘பி.பி.எம்.’ என்று காட்டும் எண்ணை வாசிக்கத் தெரிந்தவனே ஓடித் தப்புவான்.

தொழில்நுட்பம் நமக்கு எட்டாதது என்று எவரேனும் சொன்னால், அண்ணல் அம்பேத்கரை நினைத்துக்கொள்ளுங்கள். 1913-இல் கொலம்பியாவில் பொருளியல் படிக்கச் சென்றவர், 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார். 1943-இல் தன்பாத் பகுதியின் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கித் தொழிலாளர் நிலையை நேரிற் கண்டார்.

பிழைப்பு எங்கே என்று பெற்றோர் கேட்பது நியாயம். காவிரி டெல்டாவில் புதிய எண்ணெய்க் கிணறுகளுக்கு இனி இடமில்லை. உழவர்களின் போராட்டத்துக்குப் பின் 2020-இல் தமிழக அரசு அதனைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. உழவரின் அச்சம் வீணான அச்சமன்று. நாமும் நிலத்தை நம்பி வாழ்பவர்களே. அசாம், குஜராத், இராஜஸ்தான், மும்பைக் கடல், வளைகுடா நாடுகள் ஆகியவற்றில் வேலை உண்டு. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்கள் பொதுத்துறை நிறுவனங்களின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். அங்கே இடஒதுக்கீடு உண்டு. தரகர் எவரேனும் மூன்று மாதப் பயிற்சியில் ரிக் வேலை உறுதி என்று பணம் கேட்டால், சான்றிதழ் வழங்குவது யார் என்பதை முதலிற் கேளுங்கள். பெயரை எழுதிக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். விசாரித்த பின் பணத்தைப் பற்றி யோசிக்கலாம்.

எண்ணெய்க்கே போக விரும்பாதவர்களுக்கும் இக்கல்வி வீணாகாது. போர்வண்டியின் கம்ப்ரஸர் கையேடும், அரிசி ஆலையின் பாய்லர் பலகையும் இதே ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

சங்கத்தில் ஞாயிறுதோறும் மாலையில் வகுப்பு நடத்தச் செயலாளர் அவர்கள் இசைந்திருக்கிறார்கள். புத்தகம் ஏதும் வாங்க வேண்டா. கோடில்லா நோட்டு ஒன்றும் பென்சிலும் ஓர் அளவு நாடாவும் போதும். இடப்பக்கத்தில் கருவியின் படம், வலப்பக்கத்தில் அதன் பெயர் ஆங்கிலத்திலும் தமிழெழுத்திலும். போர்வண்டியில் வேலை செய்யும் தம்பிகள் தேய்ந்த பிட் ஒன்று கிடைத்தால் கொண்டு வாருங்கள். முதல் நாள் சங்கத்துக்குப் பின்னால் கிடக்கும் பழைய கேசிங் குழாய்களை அளந்து, நாமே ஒரு டாலி எழுதிப் பார்ப்போம்.